"இருப்பதை வைத்துச் சமாளியுங்கள்" என்று சொல்லும் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரு வேலைக்கு எத்தனை ஆள், எவ்வளவு பணம், எத்தனை நாள் என்று தீர்மானிக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். நிறுவனமோ பள்ளியோ மருத்துவமனையோ தன்னார்வ அமைப்போ, எதுவானாலும் அந்த முடிவு உங்கள் கையெழுத்தோடுதான் வெளியே வருகிறது. வேலையைத் திட்டமிடுவதும் முடித்துக் கொடுப்பதுமே எங்கள் தொழில். அந்த அனுபவத்தின் உரிமையில் இதை எழுதுகிறோம்.

ஆளைக் குறைக்கும்போதும் கெடுவை முன்னுக்கு இழுக்கும்போதும் உங்களில் பலர் ஒரே ஆறுதலைச் சொல்கிறீர்கள்: நெருக்கடியில்தான் புதுமை பிறக்கும், குறையை நிறையாக்கிக் காட்டுங்கள். இது பொய்யில்லை. வரம்பு இருந்ததால் மட்டுமே பிறந்த நல்ல பொருள்களும் நல்ல முறைகளும் ஏராளம். ஆனால் எந்த வரம்பும் தானாக அனுகூலமாகிவிடாது. அது துல்லியமாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். நாளுக்கு நாள் நகரக் கூடாது. அதற்குள் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் உரிமை வேலை செய்கிறவரிடம் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் அமைத்துத் தருவது உங்கள் பொறுப்பு. அதைச் செய்யாமல் ஊக்க வார்த்தை மட்டும் சொன்னால் கிடைப்பது புதுமையாக இருக்காது. சோர்வும் மறைக்கப்பட்ட தவறுகளும்தான் மிஞ்சும்.

நீங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் அமெரிக்காவின் அப்பல்லோ 13 விண்வெளிப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். 1970 ஏப்ரலில் சந்திரனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. மூன்று வீரர்களும் நிலவில் இறங்குவதற்கான சிறு கலத்துக்குள் ஒதுங்கினார்கள். இரண்டு பேர் ஏறத்தாழ இரண்டு நாள் இருப்பதற்கென்று செய்த கலம் அது. மூவர் நான்கு நாள் அதில் மூச்சு விட வேண்டியிருந்தது. வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டிகள் தாய்க்கலத்தில் மிச்சம் இருந்தன. ஆனால் அவை சதுரம். சிறு கலத்தில் இருந்த துவாரமோ வட்டம். பிளாஸ்டிக் பைகள், கையேட்டின் அட்டைகள், விண்வெளி உடையின் குழாய்கள், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டு ஓர் இணைப்பைத் தரையில் இருந்த குழு செய்து பார்த்தது. பிறகு அதைச் செய்யும் விதத்தை ஒவ்வொரு படியாக வானொலியில் சொன்னது. மேலே இருந்தவர்கள் செய்து மாட்டினார்கள், காற்று சுத்தமானது.

இதில் எல்லோரும் பாராட்டுவது அந்தக் குழுவின் சாமர்த்தியத்தை. சாமர்த்தியம் உண்டுதான். ஆனால் அது வேலை செய்ததற்குக் காரணம், கலத்துக்குள் என்னென்ன பொருள் இருக்கிறது, எது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் தரையில் இருந்தவர்களின் கையில் இருந்தது. மேலே இல்லாத ஒரு பொருளையும் அவர்கள் தொடவில்லை. வரம்பு என்ன என்பதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

இதே பயணத்தின் இன்னொரு பக்கத்தை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. தொட்டி ஏன் வெடித்தது? அதன் உள்ளே இருந்த சூடேற்றியைக் கட்டுப்படுத்தும் வெப்பநிலை சுவிட்சுகள் 28 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. ஏவுதளத்தில் தரும் மின்சாரம் 65 வோல்ட் என்று 1965-இலேயே விவரக்குறிப்பு மாறிவிட்டது. சுவிட்சு மட்டும் மாறவில்லை. ஏவுவதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த சோதனையில் தொட்டி வழக்கம்போல் காலியாகாததால், சூடேற்றியைப் பல மணி நேரம் ஓடவிட்டு ஆக்சிஜனை ஆவியாக்கினார்கள். மின்சாரத்தைத் துண்டிக்கத் திறக்க முயன்ற சுவிட்சுகள் 65 வோல்ட்டில் உருகி ஒட்டிக்கொண்டன. வெப்பம் ஏறிக்கொண்டே போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த அளவுமானி 30 டிகிரி செல்சியசைக்கூடக் காட்டும்படி அமைக்கப்படவில்லை. உள்ளேயோ சில இடங்களில் 500 டிகிரியைத் தாண்டியிருக்கலாம் என்று விசாரணைக் குழு கணித்தது. கம்பிகளின் மேலுறை கருகியது. அந்தத் தொட்டிதான் விண்ணுக்குப் போனது.

துல்லியமாகத் தெரிந்த வரம்பு மூன்று உயிரைக் காப்பாற்றியது. சொல்லப்படாமல் போன வரம்பு அதே மூன்று உயிரை ஆபத்தில் தள்ளியது. உங்களிடம் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்: வரம்பை எழுதிக் கொடுங்கள்.

எழுதுவது என்றால் "செலவைக் குறைத்து, விரைவாக" என்று எழுதுவது அல்ல. எண், அலகு, விதித்தவர் யார், எது வரை, மாறக்கூடியதா இல்லையா என்ற ஐந்தும் இருக்க வேண்டும். "இந்த வேலைக்கு 2 பேர், ஆளுக்கு 20 வேலை நாள், 30-ஆம் தேதி மாலை 5 மணி வரை. ஆள் எண்ணிக்கை மாறாது. தேதி வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் இருப்பதால் மாறாது. வேலையின் அளவைக் குழுவே தீர்மானிக்கலாம்." இவ்வளவு எழுதினால் போதும். படித்த ஐந்தாவது நிமிடத்தில் குழு யோசிக்கத் தொடங்கிவிடும். தெளிவில்லாமல் விட்டால் முதல் வாரம் முழுக்க "பேசிப் பார்த்தால் இன்னும் ஒருவரைத் தருவார்களோ" என்ற எதிர்பார்ப்பிலேயே போய்விடும். எல்லை உறுதியாகாத வரைக்கும் யாரும் உள்ளே இருப்பதை முழு மனதோடு பார்க்க மாட்டார்கள். நகரும் கெடு இன்னும் மோசம். ஒருமுறை தள்ளிப்போன கெடு மறுமுறையும் தள்ளிப்போகும் என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். முன்னால் இழுக்கப்பட்ட கெடுவோ, பாதி கட்டிய தீர்வைத் தூக்கியெறிய வைக்கும்.

எழுதும்போதே இன்னொரு வேலையும் செய்யலாம். வரம்புகளை மூன்று குவியலாகப் பிரித்துப் பாருங்கள். இயற்கையும் சட்டமும் விதித்தவை ஒரு குவியல்: ஒரு நாளுக்கு 24 மணி நேரம், காங்கிரீட் கணக்கிட்ட வலிமையைப் பெற 28 நாள், மருந்துக்குக் காலாவதித் தேதி. யாரோ ஒருவர் காரணத்தோடு தேர்ந்தெடுத்தவை இரண்டாவது. "எப்போதும் இப்படித்தான்" என்று ஒட்டிக்கொண்டவை மூன்றாவது. பிரிக்கும் விதம் எளிது. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் "இதை மீறினால் யாருக்கு, என்ன கெடுதல்?" என்று எழுதிப் பாருங்கள். பதில் வராத வரிகள் மூன்றாவது குவியலுக்குப் போகும். மாதாந்திர அறிக்கை 40 பக்கம் இருக்க வேண்டும், எல்லாத் தாளிலும் மூன்று கையெழுத்து வேண்டும் என்பவை பெரும்பாலும் அங்கேதான் விழும். ஆளைக் குறைப்பதற்கு முன் இந்தக் குவியலைக் குறையுங்கள். உண்மையான வரம்போடு மல்லுக்கட்டத் தேவையான தெம்பை இந்தப் போலி வரம்புகள்தான் தின்றுகொண்டிருக்கின்றன.

இரண்டாவது கேள்வி, தீர்வை யார் கண்டுபிடிக்க வேண்டும் என்பது. இதற்கு, பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைவிடச் சிறந்த விடை எங்களுக்குத் தெரியவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் சார்ல் பார்பியே என்பவர் இருட்டிலும் தடவிப் படிக்கக்கூடிய மேடுபுள்ளி எழுத்தை உருவாக்கினார். ஒரு கட்டத்தில் இரண்டு நிரல், நிரலுக்கு ஆறு புள்ளி, ஆக 12 புள்ளி வரை. கண்ணால் பார்த்தால் ஒழுங்கான, தர்க்கமான ஏற்பாடு. விரலால் தொட்டால் சிக்கல். 12 புள்ளி உயரத்துக்கு விரல்நுனி போதாது. ஒரே எழுத்தைப் படிக்க விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது வரி தவறும், எந்தப் புள்ளி மேலே, எது கீழே என்பது குழம்பும். அதோடு அது ஒலிகளைக் குறித்ததே தவிர எழுத்துக்கூட்டலையும் நிறுத்தக்குறிகளையும் காட்டவில்லை.

சிறு வயதில் பார்வை இழந்த லூயி பிரெயில் 1824-இல், 15 வயதில், இதை இரண்டு நிரலில் மூன்று மூன்றாக ஆறு புள்ளியாகக் குறைத்தார். ஏன் ஆறு? ஆறு புள்ளிக் கட்டம் விரல்நுனிக்குள் அடங்கும். விரல் மேலும் கீழும் போக வேண்டாம், இடமிருந்து வலமாக ஒரே ஓட்டம். பாதியாகக் குறைத்ததால் சொல்லக்கூடியது குறைந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ஆறு புள்ளிகளில் வெற்றுக் கட்டத்தை விட்டு 63 வடிவங்கள் கிடைக்கின்றன. எழுத்து, எண், நிறுத்தக்குறி, இசைக்குறிப்பு என எல்லாவற்றுக்கும் அவை போதுமானவை. ஒரே வடிவத்தின் முன் ஒரு குறி போட்டு அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும் உத்தியால் அந்த 63-உம் இன்னும் விரிகிறது. இன்று தமிழ் உட்பட உலகின் மிகப் பல மொழிகள் அந்த ஆறு புள்ளிகளுக்குள்தான் எழுதப்படுகின்றன.

பார்பியே திறமைசாலி. ஆனால் அவர் கண்ணால் வடிவமைத்தார். பிரெயிலுக்கு விரல்நுனியின் அளவு ஒரு புள்ளிவிவரமாகத் தெரியவில்லை, அன்றாடம் அதைக் கொண்டே படித்துப் பார்த்தார். வரம்பை அனுபவிப்பவரின் கையில் வடிவமைக்கும் உரிமை வந்தபோதுதான் அது அளவுகோலாக மாறியது. மேலே உட்கார்ந்து தீர்வை எழுதி, கீழே இருப்பவர்களிடம் நிறைவேற்றச் சொல்கிற அறிக்கைகள் ஏன் தோற்கின்றன என்பதற்கும் இதுவே காரணம். வரம்பை நீங்கள் சொல்லுங்கள். வழியை அவர்கள் சொல்லட்டும்.

இனி வேலைத்தளத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில் டொயோட்டாவுக்குப் பெரிய சந்தையும் இல்லை, பெரிய முதலீடும் இல்லை. அமெரிக்க நிறுவனங்களைப் போல ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் ஒரு அழுத்து இயந்திரத்தை ஒதுக்க வழியில்லை. ஒரே இயந்திரத்தில் பல பாகங்களைச் செய்ய வேண்டும், அதற்கு, தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றவே மணிக்கணக்கில் ஆகும். மற்றவர்கள் இதற்குக் கண்ட வழி, ஒருமுறை மாட்டினால் ஆயிரக்கணக்கில் அடித்துக் கிடங்கில் குவிப்பது. குவிக்கப் பணமும் இடமும் இல்லாததால் இவர்கள் மாற்றும் நேரத்தையே குறைக்க வேண்டியதாயிற்று. 1969-இல் ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் அங்கே 1000 டன் அழுத்து இயந்திரம் ஒன்றின் அச்சு மாற்றத்தை 4 மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு நிர்வாகம் அதையும் 3 நிமிடமாக்கக் கேட்டது, அதுவும் நடந்தது.

எப்படி என்பதுதான் முக்கியம், ஏனென்றால் அந்த வழியை எந்த வேலையிலும் செய்யலாம். முதலில் ஒரு மாற்றத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை படம் பிடியுங்கள், அல்லது ஒருவர் கடிகாரத்தோடு நின்று ஒவ்வொரு அசைவையும் எழுதட்டும். பிறகு அந்த அசைவுகளை இரண்டாகப் பிரியுங்கள்: இயந்திரம் நின்றால்தான் செய்ய முடிந்தவை, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய முடிந்தவை. அடுத்த அச்சை எடுத்துவருவது, ஸ்பானரைத் தேடுவது, அளவைச் சரிபார்ப்பது எல்லாம் இரண்டாவது வகை. ஆனாலும் பெரும்பாலான இடங்களில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் இவற்றைச் செய்துகொண்டிருப்பார்கள். இவற்றை முன்னால் தள்ளினாலே நேரத்தில் கணிசமான பகுதி போய்விடும். அடுத்து, முதல் வகையில் இருப்பதையும் இரண்டாவது வகைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். அச்சை முன்கூட்டியே சூடேற்றி வைப்பது அப்படிப்பட்ட ஒன்று. கடைசியாக, மிஞ்சியதைச் சுருக்குங்கள். போல்ட்டில் 15 மரை இருந்தால் முதல் 14 சுற்று எதையும் இறுக்குவதில்லை, கடைசிச் சுற்றுதான் பிடிக்கிறது. அப்படியானால் 15 சுற்று எதற்கு? சாவித்துளை போன்ற வடிவில் துளையிட்டு, போல்ட்டை நுழைத்து நகர்த்தி ஒரே சுற்றில் இறுக்கலாம்.

அலுவலக வேலையிலும் இப்படிப்பட்ட 14 சுற்றுகள் நிறைய. கூட்டம் தொடங்கிய பிறகு ஆவணத்தைத் திறந்து எல்லோரும் படிப்பது, புதிதாக வந்தவருக்கு முதல் மூன்று நாள் கணினி அனுமதி கிடைக்காமல் இருப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது "எங்கே விட்டோம்" என்று தேடுவது. கடைசியாகச் சொன்னதற்கு மருந்து எளியது. வேலையை நிறுத்தும்போது அடுத்த அடி என்ன என்பதை ஒரே வரியில் எழுதி வைத்துவிட்டு எழுந்திருங்கள். குறைந்த நேரமே கிடைக்கிறவர்களுக்கு, அதாவது குழந்தையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கும் நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும், இந்த ஒரு வரிதான் துண்டு துண்டான 20 நிமிடங்களைப் பயனுள்ளதாக்குகிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. எல்லா இடத்திலும் சுருக்குவதால் பலன் கிடையாது. வேலை ஓடும் பாதையில் எங்கோ ஓர் இடம்தான் குறுகலாக இருக்கும். அதன் முன்னால் கோப்புகள் குவிந்திருக்கும், அதற்குப் பின்னால் இருப்பவர்கள் காத்திருப்பார்கள். அடையாளம் இவ்வளவுதான். ஒப்புதல் தரும் நிபுணர் ஒருவர் இருக்கிறார், நாளுக்கு 5 மணி நேரம் ஒதுக்குகிறார், ஒரு கோப்புக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 15 கோப்பு. அதில் மூன்றில் ஒன்று ஏதோ ஆவணம் இல்லாமல் வந்து திரும்புகிறது என்றால் உருப்படியாக முடிவது 10. அவரை விரட்டிப் பயனில்லை. அவருக்கு முன்னால் வேறொருவர் ஒவ்வொரு கோப்பையும் 2 நிமிடம் சரிபார்த்தால், குறையுள்ளவை அங்கேயே திரும்பிவிடும். நாளுக்கு 15-உம் உருப்படியாக முடியும். செலவு, வேறொருவரின் முக்கால் மணி நேரம். முடிவது ஒன்றரை மடங்கு. புதிதாக ஆள் எடுக்க முடியாது என்ற வரம்புதான் இந்த ஏற்பாட்டைப் பார்க்க வைத்தது. கையில் பணம் இருந்திருந்தால் இன்னொரு நிபுணரை எடுத்திருப்பார்கள், மூன்றில் ஒரு கோப்பு அப்போதும் திரும்பிக்கொண்டே இருந்திருக்கும்.

குறுகலான இடத்தைத் தவிர மற்ற இடங்களில் வேகத்தைக் கூட்டினால் நடப்பது, அந்தக் குவியல் இன்னும் உயர்வது மட்டுமே.

நீங்களே விதித்துக்கொள்ள வேண்டிய வரம்பு ஒன்று உண்டு: ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை. 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் நிரூபித்த சமன்பாடு இங்கே உதவும். கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, முடியும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் வரும். கையில் 12, வாரத்துக்கு 3 முடிகிறது என்றால் எந்த வேலையும் முடிய 4 வாரம். அதே குழு, அதே வேகம், ஆனால் கையில் 6 மட்டும் என்று கட்டுப்படுத்தினால் 2 வாரம். ஒருவரும் கூடுதலாக உழைக்கவில்லை. இதைச் செய்யும்போது எங்கே தடுமாறுவார்கள் என்றால், ஏழாவது வேலை வந்ததும் "இது அவசரம், இதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மேலிருந்து வரும் அழைப்பில். அந்த அழைப்பு உங்களிடமிருந்துதான் வருகிறது. புதியதை உள்ளே விட வேண்டுமானால் இருப்பதில் எது வெளியே போகும் என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். அவசர வேலைக்கென்று ஓர் இடத்தை முன்கூட்டியே காலியாக வைத்தால் சண்டை பாதியாகக் குறையும்.

இதோடு சேர்ந்ததுதான் முழு நேரமும் எல்லோரையும் மும்முரமாக வைத்திருக்கும் ஆசை. வேலைகள் ஒழுங்கின்றி வந்து ஒருவரிடமே சேரும் எளிய வரிசையில், அவர் 80 சதவீத நேரம் மும்முரமாக இருந்தால், வருகிற வேலை சராசரியாக ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைப் போல 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதமானால் 9 மடங்கு. 95 சதவீதமானால் 19 மடங்கு. 80-இலிருந்து 95-க்கு ஏற்றிச் சிக்கனம் செய்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் காத்திருப்பை ஏறக்குறைய ஐந்து மடங்காக்கியிருக்கிறார்கள். ஆளைக் குறைத்த பிறகு "ஏன் எல்லாமே தாமதம்" என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்தக் கணக்கில் இருக்கிறது, ஊழியர்களின் சோம்பலில் இல்லை.

கெடு நகராது என்றால் வேலையின் அளவு நகர வேண்டும். மென்பொருள் துறையில் இதற்கென்றே ஒரு முறை உண்டு. "இது இல்லாவிட்டால் எதுவும் இல்லை" என்ற பிரிவுக்கு மொத்த உழைப்பில் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 40 ஆள்-நாள் கையில் இருந்தால் அந்தப் பிரிவுக்கு 24 நாள். மிச்சம் 16 நாள், இருந்தால் நல்லது என்பவற்றுக்கு. எதிர்பாராத சிக்கல் வந்தால் வெட்டப்படுவது அந்த 16. எல்லாவற்றையும் "கட்டாயம்" என்று குறித்துவிட்டால் சிக்கல் வரும் நாளில் வெட்ட எதுவும் இருக்காது, அப்போது சோதனையும் சரிபார்ப்பும்தான் சத்தமில்லாமல் வெட்டுப்படும். பாதி நாள் கழிந்ததும் ஒருமுறை நின்று பாருங்கள். கட்டாயப் பகுதி கரடுமுரடாகவாவது தொடக்கம் முதல் முடிவு வரை ஓட வேண்டும். ஒரு பகுதி மெருகேறி மற்றது தொடங்கவே இல்லை என்றால் அன்றே திட்டத்தை மாற்றுங்கள்.

நல்ல வரம்புக்கு இன்னொரு குணம் உண்டு: மீறினால் உடனே தெரிந்துவிடும். நம் யாப்பு இதற்கு மிகப் பழைய சான்று. குறள் வெண்பாவுக்கு மொத்தம் 7 சீர், முதலடியில் 4, இரண்டாம் அடியில் 3. மாச்சீரை அடுத்து நிரையசை வர வேண்டும். விளச்சீரை அடுத்தும் காய்ச்சீரை அடுத்தும் நேரசை வர வேண்டும். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றில் முடிய வேண்டும். எழுதியவர் சீர் பிரித்துப் பார்த்த கணமே எந்தச் சீரில் தளை தட்டுகிறது, அதாவது அடுத்த சீரோடு பொருந்தவில்லை, என்று கண்டுகொள்வார், அந்தச் சீரை மட்டும் மாற்றுவார். என்ன சொல்ல வேண்டும் என்பதில் யாப்பு தலையிடுவதே இல்லை. உங்கள் விதிகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செலவு வரம்பைத் தாண்டியது ஆண்டு முடிந்து தணிக்கையில்தான் தெரிகிறது என்றால், அந்த வரம்பால் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. வாரக் கடைசியில் இரண்டே எண்ணாகக் குழுவின் கண்ணில் படும்படி செய்யுங்கள். இதுவரை ஆன செலவு, மிச்சம் உள்ள வேலை. அவ்வளவு போதும்.

உடலும் வாழ்க்கையும் விதிக்கும் வரம்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே நீங்கள் செய்யும் தவறு மிகவும் வலிப்பது. மாற்றுத்திறனாளி ஊழியரை மேடையேற்றி, "இவரால் முடிந்தால் உங்களால் முடியாதா" என்று கேட்காதீர்கள். அவருடைய வரம்பை அனுகூலமாக்குவது அவர் பொறுப்பு மட்டுமே என்ற எண்ணம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. வேலைமுறையை அந்த வரம்புக்கு ஏற்ப மாற்றினால் பயன் எல்லோருக்கும் கிடைக்கும் என்பதுதான் நடைமுறை உண்மை. காது கேளாத ஒருவர் குழுவில் இருந்தால், முடிவுகளை எழுத்தில் வையுங்கள்: என்ன முடிவு, யார் செய்வார், எந்தத் தேதி. அன்று விடுப்பில் இருந்தவருக்கும் அடுத்த ஆண்டு சேர்பவருக்கும் அதே தாள் உதவும். சக்கர நாற்காலிக்காகப் போட்ட சரிவுப்பாதையில் தள்ளுவண்டியும் குழந்தை வண்டியும் போகின்றன. நினைவாற்றல் குறைந்தவருக்காகச் செய்த சரிபார்ப்புப் பட்டியல் நல்ல நினைவாற்றல் உள்ளவரின் களைத்த நாளையும் காப்பாற்றுகிறது.

நாள்பட்ட நோயோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை, அவர்களின் மேலாளர்களும் கேட்கட்டும். இரண்டு வாரம், எந்த மணியில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று 1 முதல் 5 வரை எண் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல மணிகள் எவை என்று தெரிந்துவிடும். தெளிவு தேவைப்படும் வேலை அங்கே, மின்னஞ்சலும் படிவமும் மற்ற நேரத்தில். திட்டமிடும் அளவு, நல்ல நாளில் முடிவது அல்ல, சாதாரண நாளில் முடிவதற்கும் சற்றுக் குறைவு. பலர் தடுமாறுவது நல்ல நாளில்தான். தெம்பு வந்ததே என்று மூன்று நாள் வேலையை ஒரே நாளில் செய்துவிட்டு அடுத்த நான்கு நாள் படுத்துவிடுகிறார்கள். மேலாளர் செய்ய வேண்டியது, கூட்டங்களை அந்த நல்ல மணிகளில் வைக்காதிருப்பது. ஒரு நாளில் 4 மணி நேரமே தெளிவாக வேலை செய்ய முடிந்தவர், எந்த வேலை தேவையில்லாதது என்பதை 10 மணி நேரம் உள்ளவரைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார். அவர் "இது வேண்டாம்" என்று சொல்லும்போது காது கொடுங்கள்.

எந்தச் சாமர்த்தியத்தாலும் அனுகூலமாக்க முடியாத குறைகள் சில உண்டு. அவற்றில் கை வைக்காதீர்கள். தூக்கம் அதில் முதலாவது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்குவதாக 1990-களிலேயே ஆய்வுகள் காட்டின. பாதுகாப்புச் சோதனை, இயந்திரப் பராமரிப்பு, புதியவருக்கான பயிற்சி ஆகிய மூன்றிலும் வெட்டியதன் பலன் உடனே தெரியாது. ஆறு மாதம் எல்லாம் நன்றாகவே நடப்பதுபோல் இருக்கும், அந்த ஆறு மாதத்தைக் காட்டி இன்னும் வெட்டச் சொல்வார்கள். பிறகு ஒரே நாளில் மொத்தமாக வந்து சேரும். கூலியைக் குறைத்துவிட்டு அதைப் புதுமைக்கான தூண்டுதல் என்று அழைப்பதும் தகாது. அடுத்த மாத வாடகையை எண்ணிக்கொண்டிருக்கும் மனம் வேலையைப் புதிதாகப் பார்க்க நேரம் ஒதுக்காது.

ஆகவே அடுத்த முறை ஒரு குறைப்பை அறிவிக்கும்போது, சுற்றறிக்கையோடு ஒரு பக்கத் தாளையும் இணையுங்கள். அதில் எதைக் குறைக்கிறோம், எண்ணோடும் தேதியோடும். எது இனி மாறாது, எந்த நாள் வரை மாறாது. எந்தப் பழைய அறிக்கையையும் கையெழுத்தையும் கூட்டத்தையும் இன்றோடு நிறுத்துகிறோம், பெயர் சொல்லி. வேலையின் எந்தப் பகுதியை விடலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது. பாதுகாப்பு, பராமரிப்பு, ஓய்வு நேரம் ஆகியவற்றில் எதைத் தொடவே மாட்டோம். மூன்றாவது வரி காலியாக இருந்தால் தாளை அனுப்பாதீர்கள். ஆளை மட்டும் குறைத்து வேலையைக் குறைக்கவில்லை என்பது அதன் பொருள். கையில் உள்ளவற்றின் பட்டியலைக் குழுவோடு சேர்ந்து தயாரியுங்கள்: கருவிகள், மென்பொருள் உரிமங்கள், யாருக்கு என்ன தெரியும், எந்த அறை எப்போது காலி. இதற்கு அரை நாள் போதும், அந்த அரை நாளில் உங்களுக்கே தெரியாத திறமைகள் இரண்டு மூன்று வெளியே வரும்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்து மூன்று கேள்வி கேளுங்கள். எதைச் செய்யாமல் விட்டீர்கள்? அதை விட்டதால் யாருக்காவது இடைஞ்சல் வந்ததா? புதிதாகக் கண்ட வழியில் எதை, வரம்பு நீங்கிய பிறகும் வைத்துக்கொள்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குக் குழுவிடம் பதில் இருந்தால் வரம்பு பலன் தந்திருக்கிறது. பதில் இல்லாமல், முகங்கள் மட்டும் களைத்திருந்தால், குறைத்ததில் ஒரு பகுதியையாவது அந்த வாரமே திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரம்புகளுக்குள் வேலை செய்கிறவர்கள்